ஜூலை ஒன்று முதல்

மசோதா படிப்பதில் எனக்கு ஒரு ருசி உண்டு, தம்பி. பனிக்காலத்தில் இந்த ஊர்ப் பெண்கள் விதைப் பட்டியலைப் புரட்டுவார்கள். நான் சட்டசபையிலிருந்து வரும் தாள்களைப் புரட்டுவேன்.

டன்மோர் மாவட்ட அலுவலகத்தில் முப்பத்தோரு வருடமாய் எழுத்தராக இருக்கிறேன். ஜனவரியில் சபை கூடினால் மாவட்டத்தையும் காவல்துறையையும் தொடுகிற மசோதாக்கள் நாற்பது, ஐம்பது வரும். நிறைவேறியவற்றை ஒரே பக்கத்தில் சுருக்கி, மாவட்டக் காவலையும் சிறையையும் கவனிக்கும் ஷெரீப்பின் அலுவலகப் பலகையில் ஒட்டுவேன். மூலத்தை வேறு யாரும் படிப்பதில்லை. ஷெரீப் டுவைட் ஹாஸ்கம்ப் கிண்டல் செய்வார்: “கவர்னர் கையெழுத்துப் போட்டா என்ன, லோரீன் ஒட்டினாத்தான் நமக்குச் சட்டம்.” போன வருடம் வரைக்கும், ஒட்டிய தாளை நான் ஒருமுறைகூடத் திருத்தியதில்லை.

இந்த வருடம் ஒரு மசோதா நிறைவேறியது. மனம் கலங்கியவரைச் சிறையில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது, மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றது. அந்த மருத்துவமனை இங்கிருந்து நூற்றைம்பது மைல். ஷெரீப்புக்குத் துணைக்காவலர்கள் இரண்டே பேர். எப்போதிருந்து என்று முகம் சுளித்துக் கேட்டார். எங்கள் மாநிலத்தில் புதுச் சட்டங்கள் வழக்கமாக ஜூலை ஒன்றில் தொடங்கும். அப்படியே எழுதி, ஏப்ரல் பதினொன்றாம் தேதி ஒட்டினேன்.

மறுநாள் கோப்பில் வைக்கும்போதுதான் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். அவசரப் பிரிவு என்று ஒன்று உண்டு. அது இருந்தால் கவர்னர் கையெழுத்திட்ட நாளே சட்டம் அமலுக்கு வந்துவிடும். அந்தப் பிரிவு இருந்தது. கையெழுத்தும் ஆகியிருந்தது.

தாளை மாற்ற இரண்டு நிமிடம் போதும். பலகை வரைக்கும் போனேன். ஒரு துணைக்காவலர் அதில் சாய்ந்துகொண்டு டோனட் தின்றுகொண்டிருந்தார். அவரை நகரச் சொல்ல வேண்டும், ஏன் என்பார், தப்பாக ஒட்டிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். திரும்பி வந்துவிட்டேன். நாளைக்கு என்று நினைத்தேன். நாலைந்து நாள் போனதும், ஜூலை ஒன்றும் அவ்வளவு தூரமில்லை என்று தோன்றியது.

மே மாதம் கர்டிஸ் பென்னரைக் கொண்டுவந்தார்கள். இருபத்தாறு வயது. தானியக் கிடங்கின் கூரையில் ஏறி நின்று கோதுமையோடு பேசிக்கொண்டிருந்தானாம். சிறையில் தண்ணீரில் ஏதோ கலந்திருக்கிறது என்று ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் அவன் தாய் ஆர்லீன் என்னிடம் வந்தாள். தேவாலயத்தில் எனக்கு முன்வரிசையில் உட்காருகிறவள். நாற்காலி போட்டேன்.

“ஏன் லோரீன், இந்த மாதிரிப் பிள்ளைங்கள உள்ள வைக்கக் கூடாதுன்னு சட்டம் வந்திருக்காமே. ரேடியோவுல சொன்னாங்க. ஷெரீப்கிட்ட கேட்டா உன்னைக் கேக்கச் சொல்றாரு.”

“வந்திருக்கு ஆர்லீன். ஆனா ஜூலையில இருந்துதான்.”

“அதுவரைக்கும் தாங்குவானா அவன்?”

என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, மேசையைப் பார்த்துக் கேட்டாள். என் தாளில் ஒரு பிரதி எடுத்து, தேதிக்குக் கீழே கோடு போட்டுக் கொடுத்தேன். மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். “நீயாவது தெளிவாச் சொன்னியே,” என்றாள்.

ஐந்தாம் நாள் காலையில் அவன் உடல் விறைத்துக் கிடந்தது. நீர் வற்றி இறந்தான் என்று மருத்துவர் எழுதினார். ஷெரீப் நடைவழியில் உட்கார்ந்து அழுதார். அன்று மதியம் பலகைத் தாளை மாற்றினேன். உடனடியாக அமல் என்று எழுதி, ஏப்ரல் பன்னிரண்டு என்று தேதி போட்டேன். நான் கண்டுபிடித்தது அன்றைக்குத்தானே. அதை வைத்துத்தான், மாநிலத்திலிருந்து விசாரிக்க வந்த நீங்கள் ஷெரீப்பைக் கைது செய்தீர்கள். அறிவிப்பைப் படித்தும் மதிக்காதவர் என்றீர்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

இப்போது ஆர்லீனின் பிரதியை என் முன்னால் வைத்திருக்கிறீர்கள். ஆமாம், கோடு நான் போட்டதுதான். அந்தச் சட்டம் அன்றைக்கே அமலில் இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஜூலை என்று சொன்னேன்.

ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள், தம்பி. அந்த வாரம் அவள் எத்தனையோ கதவைத் தட்டினாள். உட்காரவைத்து, பொறுமையாகப் பதில் சொல்லி அனுப்பியவள் நான் ஒருத்திதான்.