ஒரு சிரிஞ்சுத் தண்ணீர்

பாறசாலையில் மிதுன மாத மழையில் துவைத்துப் போட்ட ஜட்டி காய நாலு நாளாகும். விசாரணைக் குழுவுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் இந்த ஊர் மழையில் நனைகிறவர்கள்தான். அதனால் ஆய்வுக்கூடத்தில் ஈரம் புகுந்துவிட்டது என்றபோது யாரும் சந்தேகப்படவில்லை.

ஜோஸ்னா என் ஆய்வு மாணவி. கோட்டுகால்காரி, அப்பா நிக்கோலஸ் கடலுக்குப் போகிறவர். கார்பன் டை ஆக்சைடை மின்சாரம் பாய்ச்சி உருப்படியான பொருளாக மாற்றுவது எங்கள் வேலை. வாயுவை எந்தத் திரவத்தில் கரைக்கிறோமோ, அதைப் பொறுத்துத்தான் விளைச்சல். நான் இருபது வருடம் தண்ணீரில் கரைத்தேன். கொஞ்சம் பார்மேட் கிடைத்தது; மீதியெல்லாம் ஹைட்ரஜன் குமிழி. இவள் வந்தாள், பொட்டு ஈரமில்லாத அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானில் கரைத்தாள். ஒரே மாதத்தில் ஆக்சலேட், அதுவும் சுத்தமாக.

"இந்தத் தண்ணியில கெடந்து எதுக்கு சாரே மல்லுக்கட்டணும்?" என்றாள், எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டு. எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன்.

அவளுடைய கரைப்பான் புட்டியின் ரப்பர் மூடி வழியாக ஒரு சிரிஞ்சுத் தண்ணீர் செலுத்தினேன். விஷமில்லை. குழாய்த் தண்ணீர்கூட இல்லை, காய்ச்சி வடித்தது. ஆக்சலேட் போய் பார்மேட் வந்தது. அடுத்த புட்டியிலும் அப்படியே. பாவம், குடுவைகளைச் சுட்டுச் சுட்டு உலர்த்தினாள்.

"நான் கருவாடு உணக்குத வீட்டுப் பிள்ளையாக்கும் சாரே. ஈரம் எனக்குத் தெரியாதா?"

"உனக்கு உள்ளங்கை வேர்க்குது மக்கா. பயத்துல வாறதாக்கும். டாக்டரப் பாரு," என்றேன், அன்பாகத்தான். நம்பினாள். இரட்டைக் கையுறை போட்டாள். மூச்சிலும் ஈரம் உண்டு என்றேன். தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். மயங்கி விழுந்த அன்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது என் கார்தான்.

வெளியூர்த் தேர்வாளர் முன் அவள் செய்துகாட்டியபோதும் ஆக்சலேட் வரவில்லை. முந்தைய முடிவுகள் அவள் இட்டுக்கட்டியவை என்று புகார் கொடுத்தேன். விதி என்று ஒன்று உண்டல்லவா. அவளுடைய ஆய்வுப் பதிவு ரத்தானது. இப்போது கை கழுவக்கூட அஞ்சுகிறாள், தண்ணீர்ச் சத்தம் கேட்டாலே காதைப் பொத்துகிறாள் என்று நிக்கோலஸ் வந்து அழுதார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

பிறகு அதே சோதனையை நான் செய்தேன், தண்ணீர் விடாமல். அழகாக வந்தது. என் பெயரில் கட்டுரையும் வந்தது. நீங்கள் இதைத் திருட்டு என்கிறீர்கள். கட்டுரையின் கடைசிப் பத்தியைப் படிக்கவில்லை போலிருக்கிறது. குடுவைகளைக் கழுவித் தந்ததற்கு ஜோஸ்னாவுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். இந்தக் காலத்தில் எந்த வாத்தியார் இதையெல்லாம் நினைவு வைத்துக்கொள்கிறார்?