குணமாய்டுச்சின்னு மட்டும் சொல்ல மாட்டேன்

இல்லம்மா, ஆஸ்பத்திரியப் பத்தி நீ அவரக் கேளு. அந்தப் பச்சத் துண்டுக்காரர. மூட்டு வலி அவருக்கு, கேமராவக் கண்டா நல்லா கண்ணத் தொடச்சிக்கினு பேசுவாரு. நானா? நான் கடசியா போறேன், எனக்கு இன்னா அவசரம்? தோ, சொவுத்து மேல வரிசையா கல்லு கீதே, ஆளுக்கு ஒண்ணு, அதான் இங்க நம்பரு. கடசீல செவப்பா கீதுல்ல, அது என்னுது. காலீல மொத ஆளா வந்து வெச்சதுதான். கொழந்தயத் தூக்கிக்கினு வர்றாங்க, காய்ச்சலோட வர்றாங்க, பாவமா கீது. தள்ளித் தள்ளி வெச்சி அங்க போயிட்சி.

சரி, வுட மாட்ட போல. ஒக்காரு. அந்தக் கேமராவ மட்டும் கீழ வெய்யி, துப்பாக்கி புடிச்ச மாதிரி கீது. பேரு மாதையன். ஆலங்காயத்துலேந்தா வர்ற? பஸ்ஸுல வாந்தி வரலியே? அந்த வளைவுல எல்லாருக்கும் வரும். நம்ம தனசேகரன் டாக்டரே மொத நாளு வாந்தி எடுத்துக்கினுதான் வந்து எறங்கினாரு. இந்த ஆளு நாளைக்கே ஓடிடுவாருன்னு நெனச்சோம். ஓடல. மூஞ்சக் கழுவிக்கினு, யாருப்பா மொத ஆளுன்னு கேட்டாரு. அத்தப் போடு, ஆஸ்பத்திரிக்குன்னு நீ செய்யற வெப்சைட்டுல. சிரிக்காத, நெஜமாத்தான் சொல்றேன். எங்க ஜனம் அவர நம்புனது அன்னிக்கிதான்.

எங்க, செஞ்சி வெச்சிருக்கறதக் காட்டு. அய்ய, யாரிது வெள்ளக் கோட்டு மாட்டிக்கினு பல்லக் காட்டுது? நம்ம ஆஸ்பத்திரில இந்தப் பொண்ணு கெடையாதே. கம்ப்யூட்டர்லயே கெடைக்குதா? எடுத்துடும்மா. எங்க வூட்டுக்கு வான்னு கூப்ட்டுட்டு அடுத்தவன் வூட்டக் காட்டலாமா? நம்ம டாக்டரையே போடு. மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம் ஒடஞ்சி நூலு சுத்தி வெச்சிருப்பாரு, அதோட போடு. நர்சு நதியாவப் போடு, திட்டற மூஞ்சியாவே இருக்கட்டும், அப்பத்தான் ஜனத்துக்கு அடையாளம் தெரியும்.

இது இன்னா, இருபத்து நாலு மணி நேரமுமா? அடிச்சிடு மொதல்ல. ஞாயித்துக்கெழம அவரு சந்தவாசலுக்கு, அவங்க அம்மாவப் பாக்கப் பூடுவாரு. நீ எழுதுனத நம்பி எவனாவது புள்ளத்தாச்சியக் கூட்டிக்கினு வந்து, இங்க பூட்டு தொங்கனா? ஞாயித்துக்கெழம இல்லன்னு பெருசா போடு. தன்னால ஆவாத கேசுன்னா ஆவாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லி, வேலூருக்கு வண்டியும் அவரே புடிச்சித் தருவாரு, அத்தயும் போடு. ஆவாதுன்னு சொல்றவரு ஆவும்னு சொன்னா நம்பலாம்ல?

பாத்தியா, எவ்ளோ சொல்லிட்டேன். ஆனா நீ சுத்திச் சுத்தி அங்கயே வந்து நிக்கற. இந்தா பாரு, இன்னா வேணா கேளு, குணமாய்டுச்சின்னு மட்டும் என் வாயால வராது.

அவரு மேல கொறயா? அய்யோ, வாயக் கழுவு. கொறயெல்லாம் ஒண்ணும் இல்ல. நான் வந்து வுழுந்தப்போ நெஞ்சு அடச்சிக்கினு, படுத்தா மூச்சு வராது. கெங்கம்மா பூட்ட வருசம் அது. என் வூட்டுக்காரி. காரியம் முடிஞ்சி வந்த ஜனமெல்லாம் மல எறங்கிப் போச்சு, அன்னிக்கே புடிச்சிக்கிச்சு. அவருதான் கொழா வெச்சிப் பாத்து, மாத்திர குடுத்து, வாரா வாரம் வந்து காட்டுங்கன்னாரு.

பையன் இருக்கறான். இளவரசன், திருப்பூர்ல பனியன் கம்பெனில வேல. நல்ல புள்ள, ஒண்ணும் சொல்லக் கூடாது. போன் போடுவான். எங்க ஊர்ல டவர் எடுக்காது, மேட்டுல ஏறி நிக்கணும். நல்லா கீறியாப்பான்னுவான். நல்லா கீறேண்டான்னுவேன். அப்பறம் ரெண்டு பேருக்கும் பேச்சு வராது. காத்து அடிக்குது கேக்கலன்னு சொல்லி வெச்சிடுவேன்.

இப்போ கொல்லையில சாமப் பயிருக்குக் காவலு. குருவி வந்தா கத்தி வெரட்டணும். வாரம் பூரா என் தொண்டையிலேந்து வர்ற சத்தம் அதான். இன்னிக்குத்தான் இப்டி வளவளன்னு பேசறேன், உனக்குப் பேஜாரா கீதா?

இன்னாது? டாக்டரே என் பேரச் சொன்னாரா? என்னக் கேக்கச் சொல்லியா? இரு இரு. இன்னான்னு சொன்னாரு, சரியா சொல்லு. குணமானவருன்னா சொன்னாரு? நல்லா ரோசன பண்ணிச் சொல்லும்மா.

வாரா வாரம் வர்றவருன்னா? அவ்ளோதானா? அப்பாடா.

கிட்ட வா. நதியா காதுல வுழக் கூடாது. எனக்கு ஒண்ணுமில்லம்மா. மூச்சு சரியாயி ரொம்ப நாளாச்சு. போன சீசனுக்கு நானே மரம் ஏறி புளி உலுக்குனேன். அவரு குடுக்கறது வெறும் சத்து மாத்திர. கொழா வெச்சிப் பாக்கறவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனா அவரு தெரியாத மாதிரி இருக்கறாரு, நானும் தெரியாத மாதிரி இருக்கறேன். கையப் புடிச்சி நாடி பாப்பாரு. கெங்கம்மாவுக்கு அப்பறம் என் கையப் புடிச்சவரு அவரு ஒருத்தர்தான். சாப்ட்டீங்களா, சாம கதிரு வெச்சிருச்சான்னு கேப்பாரு. கடசி ஆளா போனா வெளிய யாரும் இருமிக்கினு நிக்க மாட்டாங்க, ரவ நேரம் ஒக்காரலாம்.

நீ என் மூஞ்சியப் போட்டு, குணமாய்டுச்சின்னு எழுதி, ஊரு ஒலகம் பாத்துட்டா, அப்பறம் அவரு எப்டி தெரியாத மாதிரி இருப்பாரு? நானும் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வந்து கல்லு வெப்பேன்?

அதுக்காவ குணமாவலன்னு எழுதிடாத. அது பொய்யி. அவரு பேரு கெட்டுடும்.

சரி, தூக்கு உன் கேமராவ. ஒண்ணு சொல்றேன், அத்தனையும் நெஜம். நல்லா கேட்டுக்கோ. இந்த டாக்டரு, நாம கெளம்பறப்போ, அடுத்த வாரம் வந்துடுங்க மாதையன்னு சொல்வாரு. போதும், அத்த மட்டும் போடு. என்னைய வான்னு சொல்றதுக்கு இந்த மலைல வேற ஆளு இல்லன்றத நீ எழுத வேணாம்.

இரும்மா, தோ வர்றேன். யாரோ கைக்கொழந்தையோட வர்றாங்க. என் கல்ல இன்னும் ரவ தள்ளி வெச்சிட்டு வந்துடறேன்.