டார்ச் மட்டும் புடி

வேலுமணி: மூஞ்சிக்கு அடிக்காதே மரகதம்! வயருக்கு அடி, வயருக்கு!

மரகதம்: வயருக்குத்தானுங்க அடிச்சேன். நடுவுல நீங்கதான் தலைய உட்டீங்க.

வேலுமணி: தலைய உடாம எப்படி... சரி, போயி ட்ரக்குல உக்காரு. லெஃப்ட் இண்டிகேட்டர் போடு.

மரகதம்: ...போட்டாச்சுங்க. எரியுதா?

வேலுமணி: கேம்பரு பின்னாடி இண்டிகேட்டர் எரியல. ஆனா உள்ள, அந்த சிங்க்குக்கு மேல ஒரு லைட்டு... மினுக்கு மினுக்குன்னு...

மரகதம்: நல்லதாப் போச்சு. பின்னாடி வர்றவன் நம்ம சிங்க்கைப் பாத்து, இவங்க லெஃப்ட்ல திரும்பறாங்கன்னு தெரிஞ்சுக்குவான்.

வேலுமணி: பிரேக்கை அமுக்கு.

மரகதம்: அமுக்கிட்டேன்... என்னுங்க, சத்தத்தையே காணோம்?

வேலுமணி: கூரையில ஃபேன் சுத்துது.

மரகதம்: பிரேக் போட்டா காத்து வருதா! டெக்சாஸ் வெயிலுக்கு வேற என்ன வேணும்?

வேலுமணி: சிரிக்காதே. மணி என்ன?

மரகதம்: அஞ்சே கால்.

வேலுமணி: அய்யோ. ஆறு மணிக்குள்ள இது டிரைவ்வேய உட்டுப் போகோணும். காலனி அசோசியேஷன், அந்த எச்.ஓ.ஏ.காரன் லெட்டர்ல தெளிவாப் போட்டிருக்கான். வீட்டு முன்னால கேம்பர் நிக்கக் கூடாதாமா.

மரகதம்: நாலு மாசமா நிக்குது. அவன் இவ்வளவு நாள் பொறுத்ததே பெருசு. எதுத்த வீட்டு வெங்கடகிருஷ்ணன் அங்கிள் நேத்து கேக்கறாரு, "என்னம்மா, கோழி வளக்கப் போறீங்களா?"ன்னு.

வேலுமணி: அந்த மனுசனுக்கு என்ன தெரியும்? கூரைய மேல தூக்குனா உள்ள நின்னுட்டே சட்டை மாத்தலாம். எறக்குனா ட்ரக்கு முதுகுல பொட்டியாட்டம் உக்காந்துக்கும்.

மரகதம்: தூக்குனா துணிச் சுவரு. தொறந்தா மீன் நாத்தம். உங்களுக்கு வித்த ஆளு இருபது வருசமா புடிச்ச மீனை பூராம் உள்ளயே உட்டுட்டுப் போயிட்டான்.

வேலுமணி: மீனை உடு. எல்லா வயரையும் வெள்ளையில போட்டு வெச்சிருக்கான் பாரு! எது எங்க போகுதுன்னு எவனுக்குத் தெரியும்?

மரகதம்: மீட்டர் வெச்சுப் பாத்தா தெரியும்.

வேலுமணி: என்ன சொன்னே?

மரகதம்: ஒண்ணுமில்லீங்க. வந்து டார்ச் புடிக்கட்டுமான்னு கேட்டேன்.

வேலுமணி: வா, வா... யூட்யூப்ல அந்த தாடிக்காரன் சொன்ன மாதிரியேதான் பண்ணினேன். ஏழே ஏழு வயரு. இருபது வருசமா டேட்டாபேஸ் பாக்கறவனுக்கு ஏழு வயரு பாக்க முடியாதா?

மரகதம்: டேட்டாபேஸுல எர்த் உண்டுங்களா?

வேலுமணி: எதுக்குக் கேக்கறே?

மரகதம்: சும்மா. பொழுது போகோணுமில்ல.

வேலுமணி: இதெல்லாம் உனக்குப் புரியாது மரகதம். நீ டார்ச் மட்டும் புடி.

மரகதம்: மொத நாளும் இதேதான் சொன்னீங்க. பதினாறு சனிக்கிழமையா புடிச்சிட்டிருக்கேன். டயருக்கு அடியில நாலு எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்துனோமே, இந்தக் கேம்பரு இதுவரைக்கும் போன தூரம் அவ்வளவுதான்.

வேலுமணி: வாய் இல்லைன்னா உன்னை நாய்கூட... சரி, மறுபடியும் போயி உக்காரு. நான் சொல்றப்ப லெஃப்ட் போடு.

மரகதம்: உக்காந்துட்டேன்.

வேலுமணி: இரு... இரு... என்ன பண்றே உள்ள? தலையே தெரியல?

மரகதம்: கண்ணாடி தொடைக்கறேனுங்க.

வேலுமணி: இரு, ஃபோன் கத்துது.

மரகதம்: யாருங்க?

வேலுமணி: ஆபீஸ்.

மரகதம்: சனிக்கிழமையா?

வேலுமணி: சர்வர் டவுன். இப்பப் போடு லெஃப்ட்டு.

மரகதம்: போட்டேன்.

வேலுமணி: அடச்சே!

மரகதம்: சிங்க்குங்களா?

வேலுமணி: சிங்க்குத்தான்.

மரகதம்: ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டா? ஆறு மணிக்கு எரிஞ்சா பிக் பெண்ட் மலைக்காட்டுக்குப் போறோம். எரியலைன்னா?

வேலுமணி: எரியலைன்னா... பாக்கலாம்.

மரகதம்: என்னத்தப் பாக்கறது? பொண்ணு வெண்பா காலேஜுக்குப் போகட்டும், பொறவு நாம ரெண்டு பேரும் ஊர் சுத்தலாம்னீங்க. அவ ஆஸ்டின் போயி ரெண்டு மாசமாச்சு. நான் வேலை பாக்கற டேகேர்ல ஒரு வாரம் லீவு சொல்லிட்டேன். புளிக்காச்சல் கிண்டி பாட்டில்ல போட்டாச்சு. ராத்திரிக்கு வழியில அபிலின்ல நிறுத்திக்கலாம்னு எடம்கூட பாத்து வெச்சிருக்கேன். எனக்குப் போகோணுமுங்க. அந்த வீட்டுக்குள்ள நீங்க ஒரு ரூம்ல, நான் ஒரு ரூம்ல... எனக்குப் புடிக்கல.

வேலுமணி: மரகதம்...

மரகதம்: சொல்லுங்க.

வேலுமணி: திட்டக் கூடாது.

மரகதம்: அது விசயத்தைப் பொறுத்து.

வேலுமணி: ஆறு மணிக்கு ஒரு அம்மா வர்றாங்க. ரோஷினின்னு பேரு. பிரிஸ்கோவுல இருந்து. கேம்பரை எடுத்துக்கறாங்க.

மரகதம்: விக்கறீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம?

வேலுமணி: எரியலையே! நாலு மாசமா ஒரு லைட்டை எரிய வெக்கத் துப்பில்ல. வாரா வாரம் உம் முன்னாடி குப்புறப் படுத்துட்டு... அவமானமா இருக்கு மரகதம். போதும்.

மரகதம்: அந்தம்மாகிட்ட சிங்க்கு மினுக்கறதைச் சொன்னீங்களா?

வேலுமணி: ...வயரிங் பக்கான்னு சொன்னேன்.

மரகதம்: அடேங்கப்பா. யாரு பண்ணுனதுன்னு கேட்டிருப்பாங்களே?

வேலுமணி: கேட்டாங்க.

மரகதம்: என்ன சொன்னீங்க?

வேலுமணி: அதை உடு. டைம் ஆகுது.

மரகதம்: உட்டாச்சு. அக்கட்ட நகருங்க. டார்ச்சைப் புடிங்க.

வேலுமணி: நீயா? ஏய், ஷாக்கு கீக்கு...

மரகதம்: பன்னெண்டு வோல்ட்டுல யாருக்குங்க ஷாக் அடிக்குது? நான் என்ன படிச்சேன், ஞாபகமிருக்குதா?

வேலுமணி: இப்ப எதுக்கு அது?

மரகதம்: கோயமுத்தூர்ல ட்ரிப்பிள்-ஈ. பீளமேட்டுல பம்ப்பு கம்பெனியில ரெண்டு வருசம் மோட்டார் டெஸ்டிங். கல்யாணம் பண்ணி எச்-ஃபோர்ல கூட்டியாந்தீங்க. வேலைக்குப் போகக் கூடாதுன்னுதான் விசாவுல போட்டிருந்துச்சு. டார்ச் மட்டும் புடிக்கோணும்னு போடல.

வேலுமணி: நான் அப்படி நெனச்சு...

மரகதம்: மூஞ்சிக்கு அடிக்காதீங்க!

வேலுமணி: சாரி.

மரகதம்: இங்க பாருங்க. எர்த் வயரை எங்க கொண்டுபோயி முடுக்கியிருக்கீங்க? பெயின்ட்டு மேல. கரண்டு திரும்பிப் போக வழியில்லாம ஊரைச் சுத்திட்டு சிங்க்குக்குப் போயிருக்குது. உப்புத்தாள் இருக்குதா?

வேலுமணி: இந்தா.

மரகதம்: பெயின்ட்டை நல்லாச் சொரண்டி... இப்படி... ஸ்பேனர் குடுங்க. அது இல்ல, சின்னது... ம்ம். போயி உக்காந்து லெஃப்ட் போடுங்க.

வேலுமணி: போட்டேன். எரியுதா?

மரகதம்: எரியுது.

வேலுமணி: எங்க?

மரகதம்: எங்க எரியோணுமோ அங்கதான். பிரேக்கு?

வேலுமணி: அமுக்கிட்டேன்.

மரகதம்: செக்கச் செவேல்னு எரியுது. ஃபேன் சும்மா நிக்குது.

வேலுமணி: அடிப்பாவி... எப்பத் தெரிஞ்சுது உனக்கு?

மரகதம்: ரெண்டாவது சனிக்கிழமை.

வேலுமணி: நாலு மாசமா சொல்லல?

மரகதம்: நீங்க கேக்கல. ஒரு நாளாச்சும், "உனக்கு என்ன தோணுது மரகதம்?"னு கேப்பீங்கன்னு பாத்தேன். எனக்கும் வீம்பு. என்ன இப்ப?

வேலுமணி: ஒண்ணுமில்ல... நான் ஒரு மடையன்.

மரகதம்: அது மொத சனிக்கிழமையே தெரியும்.

வேலுமணி: சிரி, சிரி. அஞ்சே முக்கால் ஆச்சு. அந்த ரோஷினிக்கு இப்ப என்ன பதில் சொல்றது? பாவம், கிளம்பியிருப்பாங்க. ரெண்டு வாரமா எவ்வளவு தன்மையா மெசேஜ் போட்டாங்க தெரியுமா?

மரகதம்: வேற யாருக்கும் குடுத்துறாதீங்கன்னு சொல்லியிருப்பாங்களே?

வேலுமணி: ஆமா... உனக்கு எப்படி...

மரகதம்: நீங்க விக்கறதுக்கு ஆன்லைன்ல போட்ட போட்டோவை எங்கூட டேகேர்ல இருக்கற தாமரைச்செல்வி அன்னைக்கே எனக்கு அனுப்பிட்டா. "இது உங்க வண்டிதானே அக்கா?"ன்னு.

வேலுமணி: ...மரகதம்.

மரகதம்: ரோஷினி எங்கியும் கிளம்பல. சித்த முன்னாடி கண்ணாடி தொடைக்கறேன்னு அந்த ட்ரக்கு சீட்டுல உக்காந்துதான் உங்களுக்கு மெசேஜ் போட்டா, நீங்ககூட ஆபீஸ்னீங்க. "வயரிங் பூராம் என் வைஃப் பண்ணுனது, அவ எலக்ட்ரிக்கல் எஞ்சினியர், நான் டார்ச் மட்டும்தான் புடிச்சேன்"னு அவகிட்ட அவ்வளவு பெருமையா எழுதுனீங்களே... அதை ஒருக்கா எங்கிட்டச் சொல்லுங்க. பொறவு வண்டிய எடுக்கலாம்.