தமயந்தி எழுதிய கட்டுரை

இல்ல சார், மருந்துச் சீட்டு இல்ல, இந்தக் காகிதம். கன்னடம் படிக்க வருமான்னுதான் கேட்டேன். வருமா? அப்பாடா. எனக்குப் பேச வரும், எழுத்து ஒண்ணும் ஓடாது. திருப்பத்தூர்லருந்து வந்து எட்டு வருஷம் ஆச்சு, இன்னும் நம்பரப் பாத்துதான் பஸ் ஏறுறேன். நர்ஸம்மாவும் கேரளா. இருங்க, இருங்க, இப்பவே படிச்சிராதீங்க.

அந்தக் கடைசி பெட்டு சார். தாடைக்குக் கம்பி கட்டியிருக்கே, அவதான். தமயந்தி, என் சம்சாரம். ஆக்சிடெண்டா? இல்ல சார். அடிச்சாங்க.

கார்கில்ல சண்டை நடக்குதில்ல, அதப் பத்தி ஒரு கட்டுரை. தமிழ்ப் பத்திரிகையில வந்துச்சு, தமயந்தி, பெங்களூர்னு பேர் போட்டு. மலையில சாகுறவன் ரெண்டு பக்கமும் ஏழை வீட்டுப் புள்ளதான், பொணம் வர்ற வாரத்துல ஸ்வீட்டு குடுத்துக் கொண்டாடாதீங்க, சண்டைய நிறுத்துங்க. அவ்ளோதான் சார். இதுல என்ன தேசத்துரோகம்? நீங்களும் மூஞ்சியச் சுளிக்கிறீங்க. சுளிங்க, பரவால்ல. கையில கம்பி இல்லாம சுளிக்கிறீங்களே, அதுவே போதும்.

கீழ்வீட்டு முனிராஜ் தம்பி சீனு மிலிட்டரியில இருந்தான். செவ்வாக்கெழம பொட்டியில வந்தான். மூஞ்சியத் தொறந்தே காட்டல. முனிராஜ் என் தோள்ல சாஞ்சுதான் அழுதாரு. நல்ல மனுஷன் சார், பொய் சொல்லக் கூடாது. வியாழக்கெழம மெஸ்ல எவனோ ஒருத்தன் அந்தக் கட்டுரைய எடுத்து அவருக்குக் கன்னடத்துல சொல்லிட்டான். பாதிதான் சொல்லியிருப்பான், நாயி.

சாயங்காலம் நாலு மணி. முப்பது பேரு இருக்கும். கதவ ஒடைக்கக்கூட இல்ல, தொறந்துதான் கெடந்துச்சு. அவ அரிசி பொடைச்சிட்டிருந்தா. தலைமுடியப் புடிச்சு மாடிப்படியில தடதடன்னு இழுத்துட்டுப் போனாங்க. ஒருத்தன் செருப்பால அடிக்கிறான். ஒருத்தன் சைக்கிள் செயின். இன்னொருத்தன் வண்டியில வடிச்ச கருப்பு ஆயில மூஞ்சில ஊத்துறான். நேத்து வரைக்கும் அவகிட்ட மாவு வாங்கின பொம்பளைங்க நின்னு பாக்குறாளுங்க சார், ஒருத்தியாவது ஐயோன்னு சொல்லல. முனிராஜ் தெரு அடிபம்போட கைப்பிடியக் கழட்டிட்டு வந்தாரு. மொத அடி முழங்கையில. ரெண்டாவது தாடையில. முருங்கைக்காய ஒடிச்ச மாதிரி சத்தம். பல்லு தெறிச்சு என் கால்கிட்ட வந்து விழுந்துச்சு.

நானா? நாலு பேரு என்னைப் புடிச்சுக்கிட்டாங்க சார். அசைய முடியல. போலீஸ்லயும் அப்படித்தான் சொன்னேன்.

வேலையா? பீன்யாவுல லேத் ஓட்டுறேன். இப்ப மிலிட்டரி ஆர்டர்தான், குண்டுக்கு மூடி கடையறோம். மூணு ஷிப்டு. மொதலாளிக்கு மட்டும் தெரிஞ்சா அன்னைக்கே வெளிய தள்ளிடுவான். அதனாலதான் பேர... சரி, அத விடுங்க.

இழுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி வாசல்ல நின்னு முனிராஜ் ஒரு தடவ கேட்டாரு சார். எழுதினது நீயா, உண்மையச் சொல்லுன்னாரு. அவ என்னைப் பாத்தா. நான் அந்த மொறத்துல இருக்குற அரிசியப் பாத்துட்டிருந்தேன். ஆமா, நான்தான் எழுதினேன்னுட்டா. கன்னடத்துல, தெளிவா.

இப்ப படிங்க. காலையில அவ எழுதிக் குடுத்தது. வாயத் தொறக்க முடியாதில்ல. அப்பலருந்து சட்டப் பையிலயே வெச்சிட்டுச் சுத்திட்டிருக்கேன்.

என்ன சார், என்ன போட்டிருக்கு?

நான் அப்படி என்னதாங்க எழுதினேன், படிச்சுக் காட்டுங்கன்னா போட்டிருக்கு? அவ்ளோதானா? பின்னாடி திருப்பிப் பாருங்க. ஒரு திட்டு, ஒரு கோவம், ஒண்ணுமே இல்லையா?

மயக்க மருந்துல ஒளறல சார். சரியாத்தான் கேக்குறா. அவ ஸ்ரீராம்புரத்துல பொறந்து வளந்தவ, பூரா கன்னட ஸ்கூலு. தமிழ்ல அவ பேரக்கூட எழுத வராது. எழுதினதெல்லாம் நான், மொதலாளிக்குப் பயந்து அவ பேர்ல. பத்திரிகை வந்தா அவ பேரு எங்க இருக்குன்னு வெரல வெச்சுக் காட்டுவேன், சிரிச்சிட்டு அடுப்படிக்குப் போயிருவா. ஒரு வரி படிச்சுக் காட்டினதில்ல சார், இத்தன வருஷத்துல.

அப்புறம், நாலு பேரு புடிச்சுக்கிட்டாங்கன்னேனே. ஒருத்தனும் புடிக்கல சார். சும்மாதான் நின்னுட்டிருந்தேன்.