ஆலடிக்குளத்துச் செடியும் அணைக்கப்பட்ட மைக்கும்

ஆலடிக்குள நீரினைப் பயன்படுத்துவோர் சங்க ஆண்டு விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் அண்ணாச்சி மந்திரமூர்த்தி அவர்களே, மடைக்கு மடை நீர் பிரித்து மனத்தாங்கல் வராமல் காத்த பெரியோர்களே, களையெடுத்த கையைக் கழுவிய ஈரத்தோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, கடையத்திலிருந்தும் சுரண்டையிலிருந்தும் பேருந்தில் நின்றபடியே வந்து சேர்ந்த சொந்தங்களே, சங்கச் செயலாளன் பேச்சிராஜின் பணிவான வணக்கம்.

"சுருக்கமா பேசுங்க அண்ணாச்சி" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பேசுகிறேன் தம்பி. போன ஆண்டு இதே மேடையில் நீட்டி முழக்கிய வினையைத் தீர்க்கத்தான் இன்று நிற்கிறேன்.

நினைவிருக்கிறதா? மடைவாய் முழுக்க ஒரு நீர்ச்செடி மண்டி, வயலுக்குத் தண்ணீர் போகாமல் அடைத்துக் கிடந்தது. மயிரிழை போல் இலை, கொத்துக் கொத்தாய்த் தண்டு. குற்றாலம் போகிற சாலையில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் எபனேசரின் கண்ணாடித் தொட்டியிலும் அதே இலை, அதே தண்டு. பார்த்தேன், பதறினேன், பழி போட்டேன். அயல்நாட்டுச் செடியை ஆலடிக்குளத்தில் கொட்டி நம் வயிற்றில் அடித்தவர் இவர்தான் என்று முழங்கினேன். நீங்கள் கை தட்டினீர்கள். பதில் சொல்ல எபனேசர் எழுந்தார். மைக்கை அணைக்கச் சொன்னவன் நான். அன்றிலிருந்து நம்மூர்க்காரர் எவரும் அவர் கடைப்படி ஏறவில்லை. அவர் மனைவி ரூபி காய்கறி வாங்கப் போனாலும், குளத்தைக் கெடுத்தவர் வீடு என்ற பேச்சு பின்னாலேயே போனது.

கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கும் ஜெயபிரியா அம்மையார் ஒருநாள் கரைக்கு வந்தார். "பூ விடாத செடிய வெறும் இலைய வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது அண்ணாச்சி. டிஎன்ஏ பார்கோடு பாத்துருவோம்" என்றார்.

அது என்ன பார்கோடு? மளிகைக் கடையில் பிஸ்கட் பொட்டலத்தின் கறுப்புக் கோடுகளைக் காட்டினால் கணினி பெயர் சொல்கிறதல்லவா? செடியின் உயிரணுவுக்குள்ளும் இனத்துக்கு இனம் மாறுகிற சிறு பகுதி இருக்கிறது. அதைப் படித்து, உலகம் சேர்த்து வைத்திருக்கும் பதிவுகளோடு ஒப்பிட்டால் இனத்தின் பெயர் தெரிந்துவிடும். பூ வேண்டாம், காய் வேண்டாம், நகமளவு இலை போதும்.

அந்த இலையை எடுக்க மார்பளவு நீரில் இறங்கியவர் யார்? எபனேசர். பழி சுமந்தவரே எடுக்கலாமா என்கிறீர்களா தாயே? நானும் அதைத்தான் கேட்டேன். கரையில் நின்று கண் இமைக்காமல் பார்த்தேன். கரையேறியவர் தன் கடைச் செடியையும் சேர்த்து நீட்டினார். "ரெண்டையும் பாருங்க டீச்சர். எம்மேல தப்புன்னா நானே கடையப் பூட்டிட்டுப் போயிருதேன்" என்றார். அப்போதே எனக்கு நெஞ்சு உறுத்தியது.

முடிவு வந்தது. கடைச் செடி கபோம்பா, கடல் கடந்து வந்தது. குளத்துச் செடி லிம்னோபிலா, நாம் வருவதற்கு முன்பே இந்த நீரில் நின்ற செடி. அப்படியானால் அது மண்டியது ஏன்? "மேல வயல்ல நீங்க அள்ளிப் போடுத உரமெல்லாம் வடிஞ்சு குளத்துக்குத்தான வருது" என்றார் டீச்சர். சிரிக்காதீர்கள், அள்ளிப் போட்டதில் நானும் ஒருவன்.

குற்றாலத்து அருவிக்கு நாடெல்லாம் பேர். நம் குளத்துக்கு யார் பேர் கொடுத்தார்? பெருமையோடு சொல்கிறேன், அந்தச் செடியின் பதிவு இன்று உலகின் எந்த மூலையிலிருந்தும் பார்க்கக்கூடிய தரவுத்தளத்தில் இருக்கிறது. எடுத்த இடம், ஆலடிக்குளம், தென்காசி மாவட்டம். எந்த நாட்டு ஆய்வாளர் தேடினாலும் நம் குளத்தின் பெயரைப் படித்தாக வேண்டும். இப்போது தட்டுங்கள் கையை. அதற்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது. மாதிரி எடுத்தவர், எபனேசர். நான் கெடுத்த பெயர் நம் குளத்தின் பெயருக்கு அடுத்து நிற்கிறது.

மேடையில் போட்ட பழியை வீட்டுக்குப் போய்க் காதோடு சொல்லித் தீர்க்கக் கூடாது. எபனேசர் அவர்களே, நான் சொன்னது தவறு. ஊரறிய மன்னிப்புக் கேட்கிறேன்.

பொறுமையாய்க் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி, வணக்கம். இது போன ஆண்டு நான் அணைக்கச் சொன்ன மைக். மேலே வாருங்கள் எபனேசர். அன்று சொல்ல எழுந்ததைச் சொல்லுங்கள், நாங்கள் கேட்கிறோம்.