பைன் பலகையில் முளைத்த காளான்

என் பெயர் சிலுவையம்மாள், வயது 46, கணவர் பெயர் ஆசீர்வாதம். திருவொற்றியூர் கடற்கரைச் சாலையை ஒட்டிய சந்தில் கதவு எண் 11இல் குடியிருக்கிறேன். என் கணவர் கண்டெய்னர் யார்டில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை செய்கிறார். அவருடைய சோற்றில் நான் விஷம் வைத்ததாக அவர் தங்கை ரோஸ்மேரி கொடுத்த புகாரின் பேரில் விசாரித்ததில் சொல்வது என்னவென்றால்,

என் கணவர் வேளாங்கண்ணிக்கு நடந்து போக மாலை போட்டு மூன்று வாரமாகக் கறி, மீன் தொடவில்லை. கறி இல்லாமல் சோறு இறங்காத மனுஷன் வெறும் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கப்பல் சரக்கோடு வந்து யார்டில் கழித்துப் போட்ட பைன் மரப் பலகைகளை அவர் போன வருடம் தூக்கி வந்து, வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் டிரம்முக்கு அடியில் போட்டிருந்தார். அவை ஊறி உளுத்துப்போயிருந்தன. கடந்த ஞாயிறு காலை மழை விட்டதும் பார்த்தபோது, அவற்றின் மேல் சட்டைப் பொத்தான் அளவில் பழுப்புக் காளான்கள் கொத்தாக நின்றன, பார்க்க அவ்வளவு அழகு. கப்பலில் வந்த மரத்தில் முளைத்தது, கடையில் டப்பாவில் விற்கும் ஃபாரின் காளானாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

அதன் பிறகு அவற்றைப் பறித்து அலசி, கறிமசாலா அரைத்துப் போட்டு வதக்கியதில் ஒரு கைப்பிடிதான் தேறியது, அதனால் எல்லாவற்றையும் அவர் தட்டிலேயே வைத்தேன். நான் சாப்பிடாததற்குக் காரணம் அதுதான், ரோஸ்மேரி சொல்வது அல்ல. வாயில் வைத்ததும் அவர் "சோக்காகீது மே" என்று புகழ்ந்தார். சட்டியில் ஒட்டிய மசாலாவில் சோறு பிரட்டித் தின்பது என் வழக்கம். அன்று அவர் அந்தச் சட்டியையும் கேட்டு வாங்கி வழித்துத் தின்றுவிட்டார். இருபத்திரண்டு வருடத்தில் இப்படிச் செய்ததே இல்லை. எனக்கு ஒரு வாய்கூட வைக்கவில்லையே என்ற கோபத்தில் அவரோடு பேசாமல் இருந்தேன்.

அதன் பிறகு மூன்று மணி அளவில் அவர் விடாமல் வாந்தி எடுக்க, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அங்கே வந்த ரோஸ்மேரி, "அண்ணன் துன்னு வுழுந்துட்சு, நீ மட்டும் எப்டி நல்லாகீற?" என்று கேட்டாள். அண்ணன் மேல் உயிரையே வைத்திருப்பவள், அதனால் அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. இது தின்கிற காளானே இல்லை என்று டாக்டர் சொன்னார்.

இன்று காலை அவர் தெளிந்து கஞ்சி குடித்தார். அதன் பிறகு, வாயில் வைத்ததுமே வேப்பங்காயாகக் கசந்தது என்று அவராகவே சொன்னார். "அப்பவே இன்னாத்துக்குயா சொல்லல?" என்று கேட்டேன்.

"ஆசையா ஆக்குன, துப்ப மனசு வர்ல. கசக்குதுன்னு சொன்னா, எங்க பாப்போம்னு நீயும் ஒரு வாய் துன்னுருப்ப. அதான் சட்டியையும் வயிச்சேன்" என்றார்.

காளான் என் கையால்தான் போனது, தெரிந்து கொடுக்கவில்லை. நான் சொன்னது சொன்னபடி எழுதப்பட்டு எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) சிலுவையம்மாள்