தலைக்கு வைத்த துண்டு

சீசன் காலத்தில் குற்றாலத்தில் துண்டு காயாது ஐயா. வெயில் தலைகாட்டும், உடனே சாரல் விழும். அதனால் நான் எப்போதும் இரண்டு துண்டு வைத்திருப்பேன். ஒன்று தோளில், மற்றது பைக்குள் மடித்தபடி. பைக்குள் இருந்ததைத்தான் அந்தப் பையனின் தலைக்கு வைத்தேன். காய்ந்த துண்டு. என் வாக்குமூலம் என்று நீங்கள் எழுதிய காகிதத்தில் ஈரத்துண்டு என்று இருக்கிறது. அது சின்னப் பிழை, போகட்டும்.

பெரிய பிழை அதற்குக் கீழே இருக்கிறது. 'சாட்சி தளவாய், முன்னாள் ராணுவத்தார், பிள்ளையின் மேல் கொண்ட இரக்கத்தால், விளைவு அறியாமல் துண்டை வைத்துவிட்டார்.' அந்த 'அறியாமல்' என்ற சொல்லை அடித்தால்தான் கையெழுத்துப் போடுவேன். நீங்களும் காலையிலிருந்து பேனாவை நீட்டிக்கொண்டே இருக்கிறீர்கள். எனக்கு ஒன்றும் அவசரமில்லை. கோபமும் இல்லை.

நான் அறியாதவன் இல்லை. பர்மா சண்டையில் ஸ்ட்ரெச்சர் தூக்கியவன். மேலகரத்துக்குத் திரும்பி வந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டேன். சீசனுக்குச் சீசன் அருவிக்கரையில் முதலுதவித் தொண்டனாக நின்றேன். கசத்தில், அருவிக்குக் கீழே உள்ள ஆழமான மடுவில், மூழ்கியவர்களைத் தூக்கிவந்தால் என்னிடம்தான் போடுவார்கள். குப்புறப் படுக்கவைப்பேன். தலைமாட்டில் மண்டியிட்டு முதுகை அழுத்துவேன். பிறகு முழங்கைகளைப் பிடித்துத் தூக்குவேன். மறுபடி அழுத்துவேன். பட்டாளத்தில் சொல்லிக்கொடுத்த முறை அது. அப்படிச் சிலர் எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பழக்கடை முகம்மது மீரான் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வான், "எங்க அண்ணாச்சி கைய வச்சா எமன் வரிசையில நின்னுதான் வரணும்வே!"

ஐம்பத்துநாலாம் வருஷச் சீசனில் என் மகள் உலகம்மை கசத்தில் வழுக்கி விழுந்தாள். ஐந்து வயது. அன்று காலையில் அவளுக்கு ஒரு சிவப்புப் பலூன் வாங்கி நானே ஊதிக் கொடுத்திருந்தேன். தூக்கி வந்தபோது மூச்சு இல்லை. மணிக்கட்டில் மட்டும் நூல் போல நாடி ஓடிக்கொண்டிருந்தது. நான் அழவில்லை. குப்புறப் போட்டேன், அழுத்தினேன், தூக்கினேன். கூட்டம் முழுதும் என் கையையே பார்த்தது. அந்த நூல் அறுந்த பிறகும் நிறுத்தவில்லை. இருட்டி, மீரான் வந்து என் தோளைப் பிடித்து இழுத்த பிறகுதான் எழுந்தேன்.

அந்த வருஷமே தென்காசியில் கூட்டம் போட்டு எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பெற்ற பிள்ளையின் உடம்பிலும் கை நடுங்காமல் கடமை செய்தவர் என்று பேசினார்கள். என் மனைவி வள்ளித்தாய் அதன் பிறகு எவர் துக்கம் கேட்டாலும் ஒரே வாக்கியம்தான் சொல்வாள். "அவுக செய்ய வேண்டியதையெல்லாம் செஞ்சாக." அந்த வாக்கியத்தின் மேல்தான் நாங்கள் இருவரும் சோறு தின்றோம், தூங்கினோம். அதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு வீட்டுக்கு உத்தரம் எப்படியோ, எங்களுக்கு அது அப்படி.

சுகிர்தம் இந்த வருஷம் வைகாசியில்தான் வந்தாள். சுகாதார முகாமின் நர்ஸ். கீழப்பாவூர்ப் பக்கத்துப் பெண், வேலூரில் படித்தவள். மரியாதையான பெண் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீசன் தொண்டர்களை எல்லாம் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டிவைத்துப் புது முறை சொல்லிக்கொடுத்தாள். நான் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மீரான் ஆர்வமாக மேஜை மேல் ஏறிப் படுத்துக்கொண்டான்.

"மூச்சு நின்ன ஆளு மல்லாக்கப் படுத்தா தாடை தொங்கிரும், நாக்கு பின்னால போயி தொண்டைய அடைச்சிரும்," என்றாள். மீரானின் நெற்றியில் ஒரு கையும் முகவாயில் ஒரு கையும் வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்தாள். "இப்படிச் சாச்சாத்தான் வழி திறக்கும். மூக்கப் பிடிச்சிக்கிட்டு வாயோட வாய் வச்சு ஊதணும்."

"எச்சியில்லா!" என்று பின்னால் ஒருவன் முகத்தைச் சுளித்தான்.

"செத்துப்போனா எச்சி இருக்காதுல்லா, அது உங்களுக்குப் பரவாயில்லையா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு சிரிக்காமல் ஒன்று சொன்னாள். "ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. பாவமா இருக்குன்னு தலைக்கு அணை வைக்கக் கூடாது. அணை வச்சா முகவாய் நெஞ்சுல முட்டும், தொண்டை மடங்கிரும். நம்ம பாசமே ஆளைக் கொன்னுரும்."

கூட்டம் கலைந்த பிறகு நான் தனியாகப் போய்க் கேட்டேன். முதுகை அழுத்துகிற முறை தப்பா என்று கேட்டேன்.

"தப்புன்னு சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. அந்தக் காலத்துல அதுதானே தெரியும். ஆனா அதுல காத்து பத்தாது."

"சின்னப் பிள்ளை. நாடி ஓடுது. மூச்சு மட்டும் இல்ல. அதுக்கு என்ன செய்யணும்?"

"அதுக்கு ரொம்ப வேண்டாமே. கன்னத்துல அடக்குற காத்தே போதும். பலூன் ஊதுற மாதிரி லேசா ஊதினா நெஞ்சு எழும்பிரும். அநேகமாப் பொழச்சிக்கிடும்."

அவளுக்கு என் மகளைப் பற்றித் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பாள். சொன்னதைச் சொன்னாள், பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நான் மேலகரத்துக்கு நடந்தே வந்தேன். வீட்டில் வள்ளித்தாய் பக்கத்து வீட்டுக்காரியிடம் எதையோ பேசிக்கொண்டிருந்தாள். "அவுக செய்ய வேண்டியதையெல்லாம்" என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. முதன்முதலாக அந்த வாக்கியம் முடிவதற்குள் நான் கொல்லைப்புறம் போய்விட்டேன்.

ஆடியில் வந்தார்கள் பாலம்மாளும் அவள் மகன் முத்துக்குமாரசாமியும். கடையத்துக்காரர்கள். பையனுக்கு ஆறு வயது இருக்கும். அதே கசம். தூக்கி வந்தபோது நான் அங்கேதான் நின்றேன். மணிக்கட்டைப் பிடித்தேன். அதே நூல்.

சுகிர்தம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து மண்டியிட்டாள். தலையைச் சாய்த்து வாயோடு வாய் வைத்து ஊதினாள். பையனின் நெஞ்சு எழும்புவதைப் பார்த்தேன். இருபத்தைந்து வயதுப் பெண்ணின் கன்னத்துக் காற்று. கொஞ்ச நேரத்தில் பையன் இருமினான். தண்ணீரைக் கக்கினான். அவனைப் பக்கவாட்டில் புரட்டி வாயைத் துடைத்துவிட்டாள். தானாகவே மூச்சு விட ஆரம்பித்தான். கண் திறக்கவில்லை, உடம்பு துவண்டு கிடந்தது. கூட்டம் "முருகா" என்றது.

முகாம் ஜீப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. வேறு யார் போய்ச் சொன்னாலும் டிரைவர் வண்டியை எடுக்கமாட்டான். அவள்தான் ஓட வேண்டும். சுற்றிலும் பார்த்தாள். பயிற்சி பெற்றவன் என்று நான் ஒருவன்தான் நின்றேன்.

"அண்ணாச்சி, நீங்க இருக்கீய, நான் பயமில்லாமப் போவேன். தலைய இப்படியே சாச்சு, தாடையத் தூக்கியே பிடிச்சிக்கிடுங்க. விட்டுராதீங்க."

"போம்மா, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

அவள் போன பிறகு பையனின் முகத்தைப் பார்த்தேன். ஆத்திரம் எதுவும் இல்லை. மிகத் தெளிவாக யோசித்தேன். இவன் பிழைத்தால் நாளைக்கு இவன் கதை மேலகரத்துக்கு வரும். மூச்சு நின்ற பிள்ளையை ஊதியே பிழைக்கவைத்தார்கள் என்று மீரான் சொல்வான். வள்ளித்தாய் கேட்பாள். அவள் படிக்காதவள், ஆனால் கணக்குத் தெரிந்தவள். என்னை ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். அந்த வாக்கியத்தைச் சொல்வதை மட்டும் நிறுத்திவிடுவாள்.

பைக்குள் இருந்து துண்டை எடுத்தேன். இன்னும் இரண்டாக மடித்தேன். பையனின் தலையைத் தூக்கி அடியில் வைத்தேன். பாலம்மாள் என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பாறை குத்தும்லா, நீங்க நல்லா இருக்கணும் அண்ணாச்சி" என்றாள்.

முகவாய் நெஞ்சில் முட்டியது. குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்தது. நாக்கு பின்னால் போகும்போது வரும் சத்தம் அது. அதையும் அந்தப் பெண் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"குறட்டை விடுதான்! தூங்குதான் போல" என்றாள் பாலம்மாள்.

"தூங்கட்டும் தாயி" என்றேன்.

பிறகு குறட்டை நின்றது. வயிறும் நெஞ்சும் மாறி மாறி ஏறி இறங்கின. மூக்கருகே கையை வைத்தேன், காற்று இல்லை. பார்க்கிறவர்களுக்கு அது மூச்சு விடுவது போலத்தான் இருக்கும். மறு கையால் நாடியைப் பிடித்திருந்தேன். நூல் அறுந்தது எனக்குத் தெரியும்.

ஜீப் வந்தது. சுகிர்தம் குனிந்தாள், துண்டைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தாள். ஊதினாள். நெஞ்சை அழுத்தினாள். மறுபடி ஊதினாள். ஒன்றும் நடக்கவில்லை. கூட வந்திருந்த பாலம்மாளின் அண்ணன் சுகிர்தத்தின் முடியைப் பிடித்துத் தூக்கினான். "வாய வச்சு உசுர உறிஞ்சிட்டாளே இந்த மூதேவி!" என்று கத்தினான். கன்னத்தில் அறைந்தான். அவள் என்னைப் பார்த்தாள். நான் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். சாரல் பெய்துகொண்டிருந்தது.

அவர்கள் அவள் மேல் புகார் கொடுத்தார்கள், நீங்கள் விசாரிக்கிறீர்கள். என் பெயரை அவள் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன், சொன்னாள். ஆனால் எப்படிச் சொன்னாள்? இங்கே ஸ்டேஷன் வராந்தாவில், வீங்கிய கன்னத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "தெரியாமத்தானே வச்சீய அண்ணாச்சி. வயசானவுக, மனசுல போட்டுக்காதீய. நானும் ஐயாட்ட அப்படித்தான் சொல்லியிருக்கேன்."

தெரியாமல். அந்தச் சொல்லை என்னிடம் சொல்ல அவள் யார்? பிச்சை போடுகிற மாதிரி அதை என் மடியில் போட்டுவிட்டு எழுந்து போனாள். என் வாழ்க்கையில் நான் தெரியாமல் செய்தது ஒன்றே ஒன்றுதான். அதற்கு எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தெரிந்தே செய்த இதை நீங்கள் அதோடு சேர்க்கக் கூடாது.

ஆகவே இப்படி எழுதுங்கள். அணை வைத்தால் பையன் சாவான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் வைத்தேன். சாகும்வரை நாடியைப் பிடித்திருந்தேன். கடைசியில் கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ஒன்பது வருஷம் முன்னால் சுகிர்தம் வந்திருந்தால் என் மகள் பிழைத்திருப்பாள், இந்தப் பையனுக்கும் நான் துண்டு வைத்திருக்க மாட்டேன். அப்போது அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்திருப்பாள் என்கிறீர்கள். இருக்கலாம். நான் அவளுக்காக அந்தக் கசத்தங்கரையில் இருட்டும்வரை முதுகை அழுத்திக்கொண்டிருந்தேன், அவள் வரவில்லை.

குற்றவாளிகள் இரண்டு பேர் என்று போடுங்கள் ஐயா. அவள் பெயர் முதலில் வரட்டும்.